ரொறன்ரோவில் வீட்டுக்குள் விதை போட்டுக் கன்றாக்குவது: முதன்முறை செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மிளகாய் விதை போட்ட நாளிலிருந்து காய் சிவக்கும் வரை நாலரை, ஐந்து மாதம் எடுக்கும். ரொறன்ரோவில் உறைபனி விழாது என்று ஓரளவு நம்பியிருக்கக்கூடிய காலமோ மே நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் முற்பகுதி வரைதான். அதிலும் முதல் இரண்டு வாரமும் கடைசி மூன்று வாரமும் இரவுக் குளிரில் மிளகாயும் கத்தரியும் வளராமல் அப்படியே நிற்கும். மே கடைசியில் பின்வளவில் நேரே விதையைத் தூவினால், செடி பூத்துப் பிஞ்சு விடும்போது குளிர் திரும்பிவிடும். அதனால்தான் வெளியே பனி கிடக்கும்போதே நிலக்கீழ் அறையில் விதை போடத் தொடங்குகிறோம்.

கன்றைக் கடையில் வாங்கலாமே என்றால், தாராளமாக வாங்கலாம். தக்காளியும் குடைமிளகாயும் மே மாதத்தில் எல்லாக் கடைகளிலும் குவிந்து கிடக்கும். இரண்டு தக்காளிச் செடி மட்டும் போதும் என்பவர் விளக்கும் தட்டும் வாங்கிச் சிரமப்படத் தேவையில்லை. ஊதாக் கத்தரி, பாகல், புடோல், பசளி, ஊர் மிளகாய் என்று இனம் பார்த்து வளர்க்க நினைப்பவருக்குத்தான் இந்த வேலை.

ஊரில் நாற்றுமேடை போட்டவர்களுக்கு இங்கே முதலில் புரிபட வேண்டிய ஒன்று உண்டு. அங்கே மேடைக்கு மேல் கிடுகோ ஓலையோ போட்டு வெயிலைத் தணிப்பதுதான் வேலை. சூடும் வெளிச்சமும் சேர்ந்தே வரும், தேவைக்கு மேலாகவே வரும். இங்கே மார்ச் மாதத்தில் இரண்டுமே இல்லை. இரண்டையும் நாம்தான் கொடுக்க வேண்டும். அதுவும் தனித்தனியாக, வெவ்வேறு நேரத்தில். முளைக்கும் வரை விதைக்கு வேண்டியது சூடு. முளை தலைகாட்டிய நாளிலிருந்து வேண்டியது வெளிச்சம். முளைக்காத விதைக்கு யன்னல் வெளிச்சத்தையும் முளைத்த கன்றுக்கு ஹீற்றர் சூட்டையும் கொடுப்பதால்தான் பெரும்பாலான முதல் முயற்சிகள் கெட்டுப்போகின்றன. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விடயத்தைச் சுற்றித்தான்.

எதை உள்ளே போடலாம், எதை வேண்டாம்

உள்ளே போட்டே ஆகவேண்டியவை மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றும். பாகல், புடோல், பீர்க்கு, வெண்டி ஆகியவற்றை உள்ளே தொடங்கினால் நாலு வாரம் முந்திக் காய் பிடுங்கலாம். பசளிக்கீரைக்கும் இது பொருந்தும்.

பயிற்றங்காயை ஜூன் முதல் வாரத்தில் நேரே நிலத்தில் ஊன்றுங்கள். முளைக்கீரையையும் அப்போதே தூவலாம். கரட், முள்ளங்கி போன்ற கிழங்கு வகைகளைச் சட்டியில் முளைக்க வைத்துப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணிப்போகும்.

கொத்தமல்லியில் பலர் ஏமாறுவார்கள். அதன் ஆணிவேர் இடமாற்றத்தைப் பொறுக்காது. வெயிலும் ஏறிவிட்டால் இலை விடாமல் பூவுக்குப் போய்விடும். கன்றாக்கி நடுவதை விட, வளர்க்கப்போகும் சாடியிலேயே ஏப்ரல் கடைசியில் விதைத்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை புதிதாகத் தூவிக்கொண்டிருப்பதே கெட்டித்தனம். நாம் ஒரு விதை என்று நினைக்கும் மல்லி உண்மையில் இரண்டு விதை ஒட்டிய காய். மேசையில் போட்டு ஒரு போத்தலால் மெல்ல உருட்டினால் இரண்டாகப் பிரியும். வெந்தயத்தையும் நேரே தூவுங்கள். நாலைந்து நாளில் முளைத்துவிடும்.

மற்ற மூலிகைகளில் பேசில் மிகச் சுலபம். பார்ஸ்லி முளைக்க மூன்று வாரம்கூட எடுக்கும். அது வரவில்லையென்று சட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். தைம், ஒரேகானோ விதைகள் தூசி மாதிரி இருக்கும், அவற்றை மண்ணால் மூடக்கூடாது. புதினா, வல்லாரை, கற்பூரவல்லி மூன்றுக்கும் விதையைத் தேடி அலைய வேண்டாம். தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு தண்டு வாங்கி ஊன்றினால் போதும்.

கறிவேப்பிலை விதை காய்ந்தால் சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். காய்ந்த கறிவேப்பிலை விதை என்று பொதியில் அடைத்து விற்பதில் காசைக் கொட்டாதீர்கள். முருங்கை விதை உள்ளே நன்றாக முளைக்கும். ஆனால் அது சாடி மரம்தான், செப்ரெம்பர் கடைசியில் உள்ளே தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

அவரை, சிறகவரை இரண்டையும் பற்றி ஒரு எச்சரிக்கை. இவற்றின் ஊர் இனங்கள் பல, பகல் குறுகினால்தான் பூக்கும். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறத்தாழ பன்னிரண்டு மணித்தியாலம். ரொறன்ரோவில் ஜூன் மாதத்தில் பதினைந்தரை மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும். கொடி வேலியெல்லாம் ஏறி, பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் அளவுக்குச் செழித்து நிற்கும். பூ மட்டும் செப்ரெம்பரில்தான் எட்டிப்பார்க்கும். பிஞ்சு முற்றமுன் உறைபனி வந்துவிடும். எவ்வளவு முந்தி உள்ளே போட்டாலும் இது மாறாது. நீண்ட பகலிலும் பூக்கும் இனம் என்று தெரிந்தால் மட்டும் போடுங்கள்.

நாளைப் பின்னிருந்து எண்ணுங்கள்

ரொறன்ரோத் தோட்டக்காரரின் கணக்கு விக்டோரியா நாளிலிருந்து தொடங்கும். அது மே 25க்கு முந்திய திங்கட்கிழமை. அந்த நீண்ட வார இறுதிக்குப் பிறகு உறைபனி வருவது அரிது. தக்காளியை அப்போது நடலாம். மிளகாய், கத்தரி, வெண்டி, கொடிவகைகளுக்கு இன்னும் ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து இரவு வெப்பநிலை 12, 13 பாகைக்குக் கீழே இறங்காமல் நிற்பதைப் பார்த்து நடுவது நல்லது. ஏரிக்கரையை விட வடக்கே தள்ளியிருக்கும் இடங்களில் குளிர் கூட. மார்க்கம் நகருக்கு வடக்கே போகப்போக ஒரு வாரம் பிந்துங்கள்.

அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் வரும் நாட்கள் இவை:

- பெப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரம்: மிளகாய், பார்ஸ்லி, தைம், ஒரேகானோ
- மார்ச் நடுப்பகுதி: கத்தரி. கோவாவும் இப்போதுதான், ஆனால் அது குளிர் தாங்கும், ஏப்ரல் கடைசியிலேயே வெளியே போய்விடும்
- மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம்: தக்காளி, பசளி
- ஏப்ரல் நடுப்பகுதி: பேசில்
- ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம்: பாகல், புடோல், பீர்க்கு, பூசணி, வெண்டி

முந்திப் போட்டால் முந்திக் காய்க்கும் என்ற எண்ணம் தக்காளியிலும் கொடிவகையிலும் சரிவராது. பெப்ரவரியில் போட்ட தக்காளி மே மாதத்தில் இரண்டடி உயரத்துக்குத் துவண்டு, வேர் சட்டிக்குள் சுருண்டு கிடக்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் போட்டது கட்டையாகவும் தடிப்பாகவும் இருந்து, நட்ட இரண்டு வாரத்தில் அதை முந்திவிடும். மார்ச் தொடக்கத்தில் முளைத்த பாகலுக்கு ஏப்ரலில் பந்தல் தேவைப்படும். நிலக்கீழ் அறையில் எங்கே பந்தல் போடுவது?

தக்காளி, மிளகாய், கத்தரி விதைப் பொதியில் '75 நாள்' என்று போட்டிருந்தால், அது கன்றை வெளியே நட்ட நாளிலிருந்து எண்ணுவது. விதை போட்ட நாளிலிருந்து அல்ல.

விதை

பெப்ரவரி, மார்ச் மாதங்களில் கனடாவின் பல ஊர்களில் 'சீடி சற்றடே' என்ற விதைச் சந்தைகள் நடக்கும். 1990இல் வன்கூவரில் தொடங்கிய வழக்கம். அங்கே வருபவர்கள் தாங்களே விளைவித்து எடுத்த விதையோடு வருவார்கள். இந்தக் குளிருக்குப் பழகிய இனம் எதுவென்று அவர்களைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம். நமது மரக்கறி விதைகள் தமிழ்க் கடைகளிலும் இருக்கும். வாங்கும்போது பொதியில் எந்த ஆண்டுக்கு அடைத்தது என்று பாருங்கள்.

ஊரிலிருந்து வருபவரிடம் விதை கொடுத்துவிடச் சொல்வது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். கனடாவுக்குள் வரும்போது விதை, செடி எதுவானாலும் எல்லையில் சொல்லியாக வேண்டும். எது வரலாம், எதற்குச் சான்றிதழ் வேண்டும் என்பதைக் கனேடிய உணவுப் பரிசோதனை முகமை தீர்மானிக்கிறது. அவர்களுடைய விதியைப் பார்க்காமல் அத்தையின் பெட்டிக்குள் கத்தரி விதையை ஒளித்து அனுப்பச் சொல்லி, அவரை விமான நிலையத்தில் மாட்டிவிடாதீர்கள்.

சமையலறையில் இருக்கும் விதைகளும் முளைக்குமா? வெந்தயமும் கடுகும் முளைக்கும். மல்லியும் பெரும்பாலும் முளைக்கும். செத்தல் மிளகாய் விதை நிச்சயமில்லை. வெயிலில் காய்ந்ததென்றால் வரும், அதிக சூட்டில் இயந்திரத்தில் காயவைத்ததென்றால் செத்திருக்கும்.

பழைய விதை கையில் இருந்தால் ஊகிக்கத் தேவையில்லை. பத்து விதையை ஈரத் தாளில் மடித்து, சிப் பைக்குள் போட்டு, சூடான இடத்தில் வையுங்கள். எட்டு முளைத்தால் நல்ல விதை. நாலு முளைத்தால் இரட்டிப்பாகப் போடுங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் புதிதாக வாங்குங்கள். தக்காளி, கத்தரி விதைகள் உலர்வாக வைத்தால் நாலைந்து வருடம் நிற்கும். மிளகாய் இரண்டு மூன்று வருடம். வெங்காய விதை அடுத்த வருடத்துக்கே நம்ப முடியாது.

என்ன வாங்க வேண்டும்

குழித்தட்டு, அதன் கீழே தண்ணீர் பிடிக்கும் ஓட்டையில்லாத தட்டு, தெளிந்த பிளாஸ்ரிக் மூடி. பத்து அங்குலத்துக்கு இருபது அங்குலத் தட்டுத்தான் பொதுவான அளவு, 72 குழி இருக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரு தட்டு தாராளம். தயிர்க் கோப்பையின் அடியில் ஓட்டை போட்டும் பாவிக்கலாம். முட்டைப் பெட்டியை விடுங்கள். குழி ஆழமில்லை, அரை நாளில் காய்ந்துவிடும்.

பழைய தட்டுகளைக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்ற கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிறகு நன்றாக அலசுங்கள். சென்ற வருட அழுகல் நோய் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சூட்டுப் பாய் ஒன்று. விதைத் தட்டுக்கென்றே விற்பார்கள். அறை வெப்பநிலையை விட ஐந்து முதல் பத்துப் பாகை வரை மண்ணைச் சூடாக்கும். முதுகு வலிக்குப் போடும் மின்சூட்டுப் பட்டியை அதற்குப் பதிலாக வைக்காதீர்கள். அது ஈரத்துக்குப் பக்கத்தில் வைக்கச் செய்யப்பட்டதல்ல.

நாலடி நீள எல்.ஈ.டி விளக்கு ஒன்று அல்லது இரண்டு. கராஜில் மாட்டும் சாதாரண 'ஷொப் லைற்' போதும். வெள்ளை வெளிச்சம், 5000 முதல் 6500 கெல்வின் என்று பெட்டியில் இருக்கும். ஊதா நிற வெளிச்சம் தரும் விலை கூடிய விளக்குக்குக் கன்று வளர்க்க எந்த அவசியமும் இல்லை. அதன் கீழே இலை மஞ்சளா பச்சையா என்றுகூட உங்களால் பார்க்க முடியாது. கூடவே, விளக்கை அணைத்து எரிக்க ஒரு ரைமர், ஒரு சின்ன மேசைக் காற்றாடி.

மண்

பின்வளவு மண்ணை அள்ளி வராதீர்கள். சின்னக் குழிக்குள் அது இறுகிக் கல்லாகும், நோயும் புழுவும் கூடவே வரும். விதை முளைக்கவைக்கும் கலவை என்று பையில் விற்பதை வாங்குங்கள். பீற் பாசி, பேர்லைற், வேர்மிக்குலைற் கலந்தது, இலேசானது.

காய்ந்த பீற் தண்ணீரை உள்ளே விடாது; மேலே ஊற்றினால் உருண்டோடும். ஒரு வாளியில் கலவையைக் கொட்டி, வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கையால் பிசைந்து, அரை மணித்தியாலம் விடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வடியக்கூடாது. பிட்டுக்கு மா குழைக்கும் கைக்கு இந்தப் பதம் சொல்லித் தரவேண்டியதில்லை. இதை விதை போடுவதற்கு முன்னரே செய்வது முக்கியம். காய்ந்த கலவையில் விதையைப் போட்டுப் பிறகு தண்ணீர் விட்டால் விதை மிதந்து ஒரு மூலைக்குப் போய்விடும்.

விதை போடுதல்

குழியை நிரப்பி, தட்டை மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, மேலே கொஞ்சம் சேருங்கள். கையால் அமுக்கி இறுக்க வேண்டாம். விதையின் தடிப்பைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். மிளகாய், கத்தரி, தக்காளிக்கு அரைச் சென்ரிமீற்றர். பாகல், புடோலுக்கு இரண்டு சென்ரிமீற்றர். தைம், ஒரேகானோவை மேலே தூவி விரலால் தொட்டுவிட்டால் சரி. குழிக்கு இரண்டு விதை. இரண்டும் வந்தால் மெலிந்ததைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள்; பிடுங்கினால் மற்றதன் வேரும் கூடவே வரும். வெட்ட மனம் வராதவர்கள் உண்டு. அவர்கள் முதலிலேயே ஒரு விதை போடட்டும்.

பாகல், புடோல் விதைகளின் ஓடு கடினம். நகவெட்டியால் கூர்முனைப் பக்கம் ஓட்டை மட்டும் மெல்ல நறுக்கி, உள்ளே பருப்பில் படாமல், இரவு முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள். பிறகு ஈரத் தாளில் சுற்றிச் சிப் பையில் போட்டுச் சூட்டுப் பாயில் வைத்து, வெள்ளை முளை எட்டிப்பார்த்ததும் எடுத்து நடலாம். இவற்றுக்குக் குழித்தட்டு வேண்டாம். வேர் குழம்பினால் பிடிக்காத பயிர், ஆகவே மூன்று நாலு அங்குலச் சாடியிலேயே தொடங்குங்கள். வெண்டியை ஊறவைத்தால் போதும், அதற்கும் தனிச் சாடி.

பெயர் எழுதி ஊன்றாமல் அடுத்த தட்டுக்குப் போகாதீர்கள். மிளகாயில் நாலு இனம் போட்டால் நாலும் ஜூலை வரை ஒரே மாதிரித்தான் இருக்கும். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை வெளிச்சத்தில் அழிந்துபோகும்.

முளைக்கும் வரை: சூடு

தட்டை மூடியால் மூடிச் சூட்டுப் பாயில் வையுங்கள். மண்ணின் வெப்பம் மிளகாய்க்கும் கத்தரிக்கும் 27 முதல் 30 பாகை இருந்தால் மிக நல்லது. இந்தச் சூட்டில் மிளகாய் ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் முளைக்கும். 20 பாகையில் இரண்டு வாரம் எடுக்கும். 15, 16 பாகை நிலக்கீழ் அறையில் பாய் இல்லாமல் வைத்தால் மூன்றரை வாரம் போகும். அதற்குள் பாதி விதை அழுகிவிடும். முளைக்கவில்லையே என்று விதைக் கடைக்காரரைத் திட்டும் பலருக்கு உண்மையில் பிரச்சினை இதுதான். தக்காளி இவ்வளவு பிடிவாதம் பிடிக்காது, 20, 21 பாகையிலும் ஒரு வாரத்தில் வரும்.

பாய் வாங்க விருப்பமில்லாதவர்கள் ஃபேர்னஸ் இருக்கும் அறையில் வைத்துப் பார்க்கலாம். முளைக்கும்வரை இருட்டாயிருந்தாலும் பரவாயில்லை. மண்ணால் மூடாத சின்ன விதைகளுக்கு மட்டும் விளக்கடி தேவை. யன்னல் கட்டைதான் மோசமான இடம். இரவில் கண்ணாடிக்குப் பக்கம் எவ்வளவு குளிர் என்று கையை வைத்துப் பாருங்கள்.

காலையும் மாலையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். மூடியில் நீர் துளிர்த்திருந்தால் தண்ணீர் தேவையில்லை.

முளைத்த பின்: வெளிச்சம்

பாதிக் குழிகளில் பச்சை தெரிந்ததும் மூடியை எடுங்கள், தட்டைப் பாயிலிருந்து இறக்குங்கள், விளக்குக்குக் கீழே வையுங்கள். மூன்றும் ஒரே நாளில் நடக்க வேண்டும். வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், இரண்டே நாளில் கன்று நூலாக நீண்டுவிடும். சூடு இருந்து வெளிச்சம் போதாத கன்று வெளிச்சத்தைத் தேடி ஓடும். அப்படி நீண்ட தண்டு பிறகு ஒருபோதும் கட்டையாகாது.

தெற்குப் பக்க யன்னல் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். மார்ச் தொடக்கத்தில் பகலே பதினொரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான். பாதி நாள் மேகம். வெயிலும் ஒரு பக்கத்திலிருந்து சரிந்து வரும். கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவது செடிக்குப் பட்டினி. பேசிலும் பிந்திப் போடும் கொடிவகையும் யன்னலில் ஒருவாறு தப்பும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் விளக்கு வேண்டும்.

விளக்கின் உயரத்தில்தான் பலர் தவறுவார்கள். சீலிங்கில் இருக்கும் விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் பயனில்லை. கன்றின் தலைக்கு மேலே பத்துச் சென்ரிமீற்றரில் விளக்கு நிற்க வேண்டும். சங்கிலியில் தொங்கவிட்டு, கன்று வளர வளர ஏற்றுங்கள். சங்கிலி இல்லையென்றால் தட்டின் அடியில் புத்தகங்களை அடுக்கி ஒவ்வொன்றாக எடுங்கள். இலையின் மேல் கையை வைத்துப் பார்க்கும்போது சூடு தெரிந்தால் கொஞ்சம் உயர்த்துங்கள். நாளுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் எரியட்டும். இரவில் அணையுங்கள், செடிக்கு இருட்டும் தேவை.

இப்போது அறை 18 முதல் 21 பாகையில் இருந்தால் போதும். விதைக்குக் கூடாத நிலக்கீழ் அறைக் குளிர் கன்றுக்கு நல்லதுதான், தண்டு தடிக்கும்.

சில கன்றுகள் விதையோட்டைத் தொப்பியாகப் போட்டுக்கொண்டு வெளியே வரும். இழுத்துப் பிய்க்காதீர்கள். ஈரக்கையால் தொட்டு நனைத்து, ஓடு இளகிய பிறகு தானாகக் கழன்றால் நல்லது. கழராவிட்டால் இரண்டு நகத்தால் மெல்ல.

தண்ணீர், காற்று, அழுகல்

நேற்று நிமிர்ந்து நின்ற கன்று இன்று தண்டடியில் நூலாகச் சூம்பிச் சரிந்து கிடக்கும். இதுதான் நாற்றழுகல் நோய். பிதியம், ரைசொக்ரோனியா போன்ற நுண்ணுயிரிகளின் வேலை. விழுந்ததைக் காப்பாற்ற மருந்து இல்லை. அந்தக் குழியை மண்ணோடு எடுத்து எறிந்துவிட்டு மற்றவற்றின் ஈரத்தைக் குறையுங்கள். கறுவாத் தூள் தூவச் சொல்வார்கள். அதை நம்பி ஈரத்தைக் கவனிக்காமல் விட்டால் வீடு முழுக்கக் கறுவா மணக்கும், கன்று அப்படியே விழும்.

வராமல் தடுக்க முடியும். தண்ணீரை மேலே ஊற்றாமல் கீழ்த் தட்டில் விடுங்கள். குழிகள் அடியிலிருந்து உறிஞ்சட்டும். இருபது, முப்பது நிமிடம் கழித்து மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். மேல்மண் வெளிறிக் காயத் தொடங்கிய பிறகுதான் அடுத்த தண்ணீர். நாட்கணக்கு வைக்காமல் தட்டைத் தூக்கிப் பார்த்துப் பழகினால் பாரத்திலேயே தெரிந்துவிடும். குழாய்த் தண்ணீரை நேரே விடவேண்டாம்: ரொறன்ரோவுக்கு வருவது ஒன்ராறியோ ஏரித் தண்ணீர், மார்ச்சில் அது உறைகுளிர். இரவே ஒரு போத்தலில் பிடித்து வைத்தால் காலையில் அறைச்சூட்டுக்கு வந்திருக்கும்.

காற்றாடியை மிக மெல்லிய வேகத்தில், இலைகள் சற்றே ஆடும்படி வையுங்கள். மேல்மண் காயும், ஆடும் தண்டு பலப்படும்.

மண்ணிலிருந்து சின்னக் கறுப்புக் கொசு எழும்பிப் பறந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். மஞ்சள் ஒட்டு அட்டை வைத்து, மண்ணைக் காயவிட்டால் அடங்கும்.

பசளையும் பெரிய சாடியும்

முதலில் வரும் இரண்டு இலை விதையிலை. அதற்குப் பிறகு வருவதுதான் அந்தச் செடியின் உண்மையான இலை. அதுவரை விதைக்குள் இருக்கும் உணவு போதும். முளைக்கவைக்கும் கலவையில் சத்து அநேகமாக இராது. ஆகவே உண்மையான இலை ஒரு சோடி விரிந்ததும், திரவப் பசளையைப் போத்தலில் போட்டிருக்கும் அளவில் காற்பங்காகக் கரைத்து வாரம் ஒரு தடவை கொடுங்கள். மீன் பசளை நல்லதுதான், ஆனால் கருவாடு பொரித்த வீட்டைக்கூட அது தோற்கடிக்கும். வெளியே போகும்வரை வேறெதையாவது பாவியுங்கள்.

அடியிலை மஞ்சளானால் பசி. தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதாவானால் பெரும்பாலும் வேரில் குளிர். மண்ணில் இருந்தும் பொசுபரசுச் சத்தை உறிஞ்ச முடியவில்லை. பசளையைக் கூட்டாமல் தட்டைச் சூடான இடத்துக்கு மாற்றுங்கள்.

இரண்டாம் சோடி உண்மையிலை வந்ததும் மூன்றரை, நாலு அங்குலச் சாடிக்கு மாற்றலாம். இப்போது சாதாரண சாடிமண் போதும். கன்றை இலையில் பிடியுங்கள், தண்டில் பிடிக்காதீர்கள். இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் செடி போச்சு. தக்காளியை விதையிலை வரை புதைத்து நடலாம், புதைந்த தண்டெல்லாம் வேர் விடும். நீண்டுபோன தக்காளிக்கு இது ஒரு மறுவாய்ப்பு. மிளகாயையும் கத்தரியையும் முன்பிருந்த மட்டத்தில் நடுங்கள்.

வெளிக்குப் பழக்குதல்

எட்டு, பத்து வாரம் விளக்கின் கீழே வளர்ந்த இலைக்கு வெயிலும் காற்றும் தெரியாது. மே மாத வெயிலில் நேரே கொண்டுபோய் வைத்தால் ஒரே மத்தியானத்தில் இலைகள் வெள்ளைத் திட்டாக வெந்துவிடும். இதில் அவசரப்பட்டால் பெப்ரவரியிலிருந்து செய்தது வீண்.

முதல் நாள் வீட்டின் வடக்குப் பக்கத்திலோ டெக்கின் அடியிலோ, முழு நிழலில் ஒரு மணித்தியாலம். மூன்றாம் நாள் வரை நிழல்தான், நேரத்தை மட்டும் கூட்டுங்கள். நாலாம் நாளிலிருந்து காலை வெயில் ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு, மூன்று. ஏழெட்டு நாளில் மத்தியான வெயிலையும் பொறுக்கும். இரவு 12 பாகைக்குக் கீழே போகாதென்றால் கடைசி இரண்டு இரவு வெளியே விடலாம். வெளியே காற்றில் சாடி சீக்கிரம் காயும், ஒரு நாளில் இரண்டு தடவை பாருங்கள். காலையில் வேலைக்குப் போய் மாலையில் வருபவர்கள் நாள் முழுக்க நிழல் விழும் இடமாகத் தேர்ந்து வைத்துவிட்டு, வார இறுதியில் வெயிலுக்கு நகர்த்தலாம். ரக்கூனும் அணிலும் புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் விடாது; இரவில் தட்டின் மேல் ஒரு கம்பிவலையைப் போட்டுப் பாரம் வையுங்கள்.

நடும் நாள்

மேகமூட்டமான நாள் அல்லது வெயில் சாய்ந்த பின்னேரம். நடுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் சாடிக்குத் தண்ணீர் விடுங்கள், மண்கட்டி உடையாமல் கழன்று வரும். மிளகாய்க்கு ஒன்றரை அடி, கத்தரிக்கும் தக்காளிக்கும் இரண்டடி இடைவெளி. கொடிவகைக்கு நடும் அன்றே கம்போ வலையோ கட்டிவிடுங்கள். பிறகு கட்டப்போனால் வேர் அறுபடும். இரவில் தண்டை அடியோடு வெட்டும் புழு இருக்கும் வளவென்றால், கடதாசிக் கோப்பையின் அடியை வெட்டிவிட்டுக் கன்றைச் சுற்றி இரண்டு அங்குலம் மண்ணுக்குள் இறக்குங்கள்.

மிளகாய்க் கன்றில் இப்போதே பூவோ பிஞ்சோ இருந்தால் கிள்ளி எறியுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் அது வேர் விடட்டும். ஜூன் முதல் வாரத்தில் ஒரு இரவு எட்டுப் பாகைக்கு இறங்கும் என்று வானிலை சொன்னால், பழைய வாளிகளையும் பெரிய சாடிகளையும் கன்றுகளின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, காலையில் வெயில் ஏறுவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.